தக்காளிக்குப் பின்னால நிண்ட ஆண்செடி

பிள்ளை,

இந்தக் கடுதாசியில நான் முதல்ல வேறை ஒண்டுதான் எழுதத் தொடங்கினனான். எங்கட சங்கத்து ஆண்டு மலருக்கு என்னட்டை ஒரு கட்டுரை கேட்டவை. "அண்ணை, இந்தக் குளிரில கறிவேப்பிலையைப் பட்டுப்போகாமல் எப்பிடிக் காப்பாத்திறது எண்டு நீங்கள்தான் எழுதவேணும்" எண்டு கேட்க எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை, ஒரே புளுகம். இந்த வில் பட்டணத்தில என்ர கறிவேப்பிலையைப் போல ஒரு மரம் ஆரிட்டை இருக்குது, சொல்லு பாப்பம்? பேனையை எடுத்து, "செடி வளர்க்கிறவனுக்கு முதல்ல வேண்டியது பொறுமை" எண்டு ஒரு வசனம் எழுதினன். அதோட கை நிண்டு போச்சுது. செடியைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை எண்டு உள்ளுக்கை ஒரு குரல் கேட்டுது. அந்த வசனத்தை வெட்டிப்போட்டு, அதே தாளில உனக்கு எழுதுறன்.

முந்தநாள் குப்பைப் பையைக் கட்ட முதல் அமத்தினன். பையையே காசு குடுத்து வாங்கிற நாட்டில அரைப்பையைக் கட்டிவைக்க எனக்கு மனம் வராது, அதுக்கு நீயும் அம்மாவும் சிரிக்கிறனீங்கள். அமத்தேக்கை உள்ளங்கையில என்னவோ குத்திச்சுது. எடுத்துப் பாத்தால் உன்ர கண்ணாடி. நகைக்கடைக்காரர் கல்லுப் பாக்கிற மாதிரி ஒற்றைக் கண்ணில வைச்சுச் செடியைப் பாப்பியே, அந்தச் சின்னக் கண்ணாடி. கோடை முழுக்க அதைக் கழுத்தில கொழுவிக்கொண்டு திரிஞ்சாய். இப்ப நூலோடையே எறிஞ்சிருக்கிறாய். நான் அதைக் கழுவித் துடைச்சு சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சனான். வாற திங்கக்கிழமை நீ ஷாஃப்ஹவுசனில காப்புறுதிக் கந்தோர் வேலைக்குக் கையெழுத்து வைக்கப் போறாய். வைச்சால் புரூனோ தன்ர பண்ணையில உனக்குத் தரலாம் எண்ட கூடாரம் வேறை ஆருக்கும் போயிடும். அதுக்கு முதல் உனக்கு ஒரு விசயம் தெரிய வேணும். இதை நான் சொல்லாமல் ஒளிச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் உன்ர முகத்தைப் பாத்துச் சோறு திண்டனான்.

எங்கை தொடங்கிறது? நீ தோட்டவேலைதான் படிக்கப்போறன் எண்டு வந்து நிண்ட நாளில இருந்து தொடங்கிறன். எங்கட சனத்தின்ர பிள்ளையள் வங்கியில, கந்தோரில லேர எண்டு தொழில் பழகுதுகள். என்ர பிள்ளை மட்டும் சப்பாத்தில மண்ணோட ரயிலில வருது. "அப்பா தொழிற்சாலையில இரும்பு கடைஞ்சது போதாதோ, நீயும் ஏன் மண்ணைக் கிண்டுறாய்?" எண்டு கேட்டனான். நீ, "அப்பா, எனக்கு அது விருப்பம்" எண்டு மட்டும் சொன்னாய். விருப்பம்! நாங்கள் விருப்பத்தைக் கேட்டோ வேலை செய்தனாங்கள் எண்டு நான் கத்த, அம்மா யன்னலைச் சாத்தினவ. அண்டையில இருந்து ஆரும் உன்னைப் பற்றிக் கேட்டால் "ஒரு லாபில வேலை" எண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். எந்த லாப் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு லாப் எண்டாலே காணும்.

பிறகு நீ ஹன்ஃப் எண்டு ஒரு செடியைக் கொண்டு வந்தாய். எங்கட கீழ்வீட்டுப் புல்லுத்தரையில சட்டி சட்டியாய் அடுக்கினாய். போதை இல்லாத இனம், சட்டம் சொன்ன அளவுக்குக் கீழை, வித்து வாங்கின பற்றுச்சீட்டு இருக்குது, வீட்டுக்காரரும் ஓம் எண்டு சொல்லிப்போட்டார் எண்டு எல்லாத்தையும் மேசையில வைச்சு விளங்கப்படுத்தினாய். பூவைக் காயவைச்சால் எண்ணெய் எடுக்கிறவை வாங்குவினம் எண்டும் சொன்னாய். எனக்கு ஒண்டும் ஏறேல்லை. கஞ்சா எண்ட ஒரு சொல்லுத்தான் காதில நிண்டுது. உனக்கு இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை: நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, அகதி எண்ட பேப்பரோட, ஒரு ஸ்டேசனில ரயிலுக்கு நிண்டனான். ரெண்டு பொலிஸ்காரர் வந்து, தமிழனோ எண்டு கேட்டு, சுவரோட திருப்பி நிப்பாட்டிச்சினம். சப்பாத்தைக் கழட்டு எண்டவை. காலுறையைக் கழட்டு எண்டவை. அந்தக் காலத்தில தமிழனைக் கண்டால் தூள் விக்கிறவன் எண்டுதான் பாக்கிறது. சனம் எல்லாம் சுத்தி நிண்டு பாக்க, வெறுங்காலோட அந்தக் குளிர்நிலத்தில நிண்டனான். ஒண்டும் இல்லை எண்டு விட்டவை, மன்னிச்சுக்கொள் எண்டும் சொல்லேல்லை. ஒரு பேச்சுக்கும் இடம் குடாமல் வாழவேணும் எண்டு அண்டைக்கு நினைச்சவன், இண்டைக்கு வாசல் திறந்தால் கஞ்சா மணக்கிற வீட்டில இருக்கிறன். என்ர பயம் அதுதான். ஆனால் பயம் எண்டு உன்னட்டைச் சொல்ல ரோசம் விடேல்லை. கோவம் எண்டு காட்டினன்.

எம்மன்புரூக்கேயில இருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கோ? அவை வர முதல் நான் போர்வையளை எல்லாம் தோய்ச்சு உன்ர செடியளைச் சுத்திக் கொடி கட்டிக் காயப்போட்டனான். பெரியம்மா தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு மூக்கைச் சுளிச்சு, "இதென்ன தம்பி ஒரு மணம்?" எண்டு கேட்டவ. "தக்காளிக்குப் போட்ட பசளை, அக்கா" எண்டு சொன்னனான். நீ அப்ப குசினி வாசலில நிண்டனீ. அவை போனபிறகு நனைஞ்ச போர்வையளை நீயே எடுத்து மடிச்சாய். ஒரு கொப்பு முறிஞ்சு கிடந்தது, அதுக்கு நூல் சுத்திக் கட்டினாய். நான் ரீவியைப் பாத்துக்கொண்டிருந்தன்.

புரூனோ வந்து பாத்தபிறகுதான் எனக்குக் கொஞ்சம் தலை நிமிந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். ஊருக்கு வெளியில மாட்டுப்பண்ணை வைச்சிருக்கிற மனிசன், அவ்வளவு பெரிய பொலித்தீன் கூடாரம் சும்மா கிடக்குது, அதைப் பங்குக்கு உன்னை நம்பித் தரலாம் எண்டு சொல்லுறார். இந்தக் கோடையில வீட்டில நீ எடுக்கிற பூவைப் பாத்துத்தான் முடிவு எண்டவர். வித்து இல்லாத சுத்தமான பூ வேணும் எண்டவர். எனக்கு அந்த "வித்து இல்லாத" மண்டைக்குள்ளை போகேல்லை, பார். ஒரு வெள்ளைக்கார விவசாயி என்ர பிள்ளையோட கை குலுக்கினதுதான் போச்சுது.

அதுக்குப் பிறகுதான் உன்ர காலமைப் பரிசோதனை தொடங்கினது. பல்லு மினுக்க முதல் கண்ணாடியைக் கண்ணில வைச்சுக்கொண்டு ஒவ்வொரு செடியாய்ப் பாப்பாய். ஒருநாள் என்னையும் கூப்பிட்டாய். "அப்பா, இஞ்சை வாங்கோ. இலைக்காம்பு தண்டோட சேருற மூலையைப் பாருங்கோ. அதிலை ரெண்டு வெள்ளை மயிர் எட்டிப் பாத்தால் பெண். மயிர் இல்லாமல், சின்னக் காம்பில ஒரு குண்டு மாதிரி வந்தால் ஆண்." நான் கண்ணாடியை வாங்கிப் பாத்தனான். முதல்ல என்ர கண்மயிர்தான் தெரிஞ்சுது, நீ சிரிச்சாய். பிறகு தெரிஞ்சுது. "தொடக்கத்தில ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும் அப்பா. அவசரப்பட்டால் பெண்ணைப் பிடுங்கிப்போடுவம். பிந்தினால் ஆண் வெடிச்சுத் தூள் பறந்திடும். காத்துக்கு அது எங்கையும் போகும்." ஆண்செடி கொஞ்சம் நெடுவலாய், மெலிஞ்சு, முந்திக்கொண்டு வளரும் எண்டும் சொன்னாய். "ஆனால் வளத்தியைப் பாத்து முடிவெடுக்கக் கூடாது, மூலையைப் பாத்துத்தான்" எண்டாய். எவ்வளவு வடிவாய்ச் சொல்லித் தந்தனீ! இப்ப எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வருது. அண்டைக்கு நான் வேறை ஒண்டை நினைச்சுக்கொண்டு தலையாட்டினனான்.

நான் பப்பாசியை நினைச்சனான். ஊரில பப்பாசி வைச்சால் பூவைப் பாத்து ஆணோ பெண்ணோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியும். ஆண்பூ நீட்டுக் காம்பில தொங்கும், பெண்பூ தண்டோட ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆண்மரம் எல்லாத்தையும் வெட்டுவம், ஆனால் ஒண்டை விடுவம். வளவுக்குள்ளை ஒரு ஆண் நிக்காட்டில் காய் பிடியாது எண்டு எங்கட வீட்டில மட்டுமில்லை, யாழ்ப்பாணத்தில எந்தச் சின்னப்பிள்ளையும் சொல்லும். நீ என்னடா எண்டால் ஆணை ஒண்டும் மிச்சமில்லாமல் பிடுங்கிறாய். சரி, இவள் படிச்சது புத்தகத்தில, இந்த வெள்ளையளுக்குப் பப்பாசி தெரியுமோ, காய்க்காமல் நிக்கேக்கை அழப்போறாள் எண்டு நினைச்சன். உன்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது எண்டு ஆகிடுமே! அதோட, மறைக்காமல் சொல்லுறன், ஆம்பிளை இல்லாத வீடு விளங்காது எண்டு கேட்டு வளர்ந்தவன் நான். நீ பிறந்த ஆஸ்பத்திரியில "பறவாயில்லை, அடுத்தது பெடியன்" எண்டு ஆறுதல் சொன்னவைக்கும் நான் தலையாட்டினனான். அந்தப் புத்தி செடிக்கும் போச்சுது.

கடைசியாய் ஒரு செடி நிண்டுது, உனக்கு நிச்சயமில்லாத செடி. மற்ற ஆண் எல்லாத்தையும் நீ எடுத்துப்போட்டாய், இதை மட்டும் இன்னும் பாப்பம், இன்னும் பாப்பம் எண்டு விட்டு வைச்சாய். பெண்ணை அநியாயமாய்ப் பிடுங்கக் கூடாது எண்டு உனக்கு அந்தரம். ஒரு காலமை கண்ணாடியை எடுத்துப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாய். "ஆண்தான் அப்பா. மொட்டு ஒண்டும் வெடிக்கேல்லை, எல்லாம் மூடித்தான் இருக்குது. தப்பினம்." சட்டியோட தூக்கி என்ர கையில தந்தாய். "வேலைக்குப் பிந்திப்போச்சு, நீங்கள் இதை வெட்டி, தோட்டக்குப்பை போடுற பச்சைத்தொட்டிக்கை போட்டுவிடுங்கோ" எண்டிட்டு சைக்கிளில ஏறினாய்.

நான் வெட்டேல்லை.

கட்டிடத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில என்ர தக்காளி நிக்குதல்லோ, நீ எட்டியும் பாக்காத இடம், அதுக்குப் பின்னால கொண்டுபோய் வைச்சனான். தண்ணியும் ஊத்தினனான். தக்காளிக்குப் போடுற பசளையும் போட்டனான், பார் விசரை. கொஞ்ச நாளால குண்டெல்லாம் விரிஞ்சு மஞ்சள் தூள் கொட்டிச்சுது. கொப்பைத் தட்டினால் புகை மாதிரி எழும்பும். நான் தட்டிப் பாத்துச் சந்தோசப்பட்டனான். "பொறு மோளே, காய்க்கேக்கை தெரியும் உன்ர அப்பன் ஆர் எண்டு" எண்டு வாய்விட்டே சொன்னனான். என்ர வேலைச்சேட்டைத் தோய்க்க எடுத்த அம்மா, "இதென்ன, மஞ்சள் தூளை எங்கை பிரட்டினீங்கள்?" எண்டு கேட்டவ. குசினியில கை பட்டுட்டுது எண்டு சொன்னனான். "நீங்கள் எப்ப குசினிக்கை வந்தனீங்கள்?" எண்டு அவ கேட்க, நான் பேப்பரை எடுத்து விரிச்சன்.

பிறகு அந்தப் பின்னேரம். நீ ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில வைச்சாய். வெள்ளை மயிரெல்லாம் காலம் வர முதலே மண்ணிறமாய்க் கருகியிருந்தது. நகத்தால பிளந்தாய். உள்ளுக்கை பச்சையாய் ஒரு வித்து. உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, எனக்கு உச்சி குளிர்ந்து போச்சுது. காய்ச்சிட்டுது! "பாத்தியே, அப்பா சொன்னால்..." எண்டு வாய் திறந்திட்டன். அப்பதான் உன்ர முகத்தைப் பாத்தனான். "வித்து வந்திட்டுது அப்பா" எண்டு செத்தவீட்டுச் செய்தி சொல்லுற குரலில சொன்னாய். "வித்து வந்தால் நல்லதுதானே?" எண்டன். "இல்லை அப்பா. செடி சத்தெல்லாத்தையும் வித்துக்குக் குடுத்திடும். பூவில ஒண்டும் மிஞ்சாது. ஒருத்தரும் வாங்கமாட்டினம். நான் உங்களுக்கு முந்தியே சொன்னனான்தானே." ஓம், சொன்னனீ.

அண்டைக்கே சொல்லியிருந்தால் அது ஒரு மடையன்ர பிழையாய்ப் போயிருக்கும். நீ கத்தியிருப்பாய், அழுதிருப்பாய், ரெண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பாய். நான் எழும்பிப் போய், நீ குளிக்கிற நேரம் பாத்து, தக்காளிக்குப் பின்னால நிண்டதைத் துண்டு துண்டாய் வெட்டிப் பச்சைத்தொட்டிக்கை போட்டு, மேலை புல்லைப் போட்டு மூடினன். வந்து கையைக் கழுவிப்போட்டு, "சில நேரம் பக்கத்து ஊரில ஆரும் வைச்சிருப்பினம்" எண்டு உனக்கு ஆறுதலும் சொன்னனான். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறது எண்டு சொல்லுவினமே, நான் அதைச் செய்துபோட்டு மேலை குழம்பும் ஊத்தினனான்.

நீ அதை நம்பேல்லை. அடுத்தவனில பழி போட உனக்குத் தெரியாது, அது அம்மான்ர குணம். அந்தக் கடைசிச் செடியில நான்தான் பிந்திட்டன், மூடியிருக்குது எண்டு நினைச்சது ஏற்கெனவே வெடிச்சிருக்க வேணும், என்ர கண்தான் பிழைச்சிட்டுது எண்டு நீயாய் முடிவெடுத்தாய். "ஒரு செடியைப் பாத்து நேரத்துக்குச் சொல்லத் தெரியாதவளை நம்பிப் புரூனோ என்னெண்டு கூடாரத்தைத் தாறது?" எண்டு கேட்டாய். புரூனோ பரவாயில்லை, வருசம் முடியுமட்டும் யோசி எண்டு சொல்லியும் நீ கேக்கேல்லை. கந்தோர் வேலைக்கு எழுதிப்போட்டாய். அது கிடைச்சிட்டுது எண்டு வந்து சொன்ன நேரம் எனக்கு என்ன வந்தது தெரியுமோ? சந்தோசம். பிள்ளை, இதை எழுதக் கை கூசுது. நான் ஒளிச்சு வைச்ச செடியால உன்ர மனம் உடைஞ்சு கிடக்குது, எனக்கு உள்ளுக்கை புளுகம். இனி ஆரும் கேட்டால் கந்தோர் எண்டு சொல்லலாம், போர்வை காயப்போடத் தேவையில்லை எண்டு நினைச்சன். ஆண்செடியை நான் அறியாமல் வைச்சனான், அதுக்கு மன்னிப்பு இருக்கும். இந்தச் சந்தோசத்துக்கு என்ன மன்னிப்பு இருக்குது?

இன்னும் இருக்குது. பெரியப்பான்ர பேரப்பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு எம்மன்புரூக்கே மண்டபத்துக்குப் போனம். அங்கை பந்தியில ஒராள், "என்ன அண்ணை, மோள் என்னவோ கஞ்சாத் தோட்டம் போட்டதாமே?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார். அவைக்கு எல்லாம் தெரியும் பிள்ளை, போர்வைக்கு மணத்தை மறைக்கத் தெரியுமோ! மானத்தைக் காப்பாத்த வாயில வந்ததைச் சொன்னன். "அதை விட்டிட்டாள். ஆண் எது பெண் எது எண்டு தெரியாமல் பேந்தப் பேந்த முழிச்சாள், இனிக் கந்தோரில இருந்து எழுதட்டும்" எண்டன். மேசை முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சன். திரும்பினால் நீ வடைத் தட்டோட பின்னால நிக்கிறாய். தட்டை வைச்சாய், எனக்குப் பக்கத்தில இருந்தவருக்குச் சட்னியும் விட்டாய், போனாய். கண்ணாடி குப்பைக்கை போனது அதுக்குப் பிறகுதான் எண்டு நினைக்கிறன்.

அம்மா கண்டுபிடிச்சிட்டா. தக்காளியைப் பிடுங்கித் துப்புரவாக்கப் போன இடத்தில உன்ர சட்டியைக் கண்டிருக்கிறா, அடியில மிஞ்சின தண்டோட. மஞ்சள் பட்ட சேட்டும் ஞாபகம் வந்திருக்கும். சட்டியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால கதிரையில வைச்சா. "இஞ்சருங்கோ, இது ஆர்?" எண்டு கேட்டா. நான் பப்பாசிக் கதையைச் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிப்பாட்டினா. "அதை விடுங்கோ. பிள்ளை தன்ர கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு திரியுது, நீங்கள் ஓம் போட்டுச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறியள். நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். சொல்லாட்டில் இந்த மேசையில உங்களுக்கு நான் சோறு போடுவன், ஆனால் கதைக்கமாட்டன்." நான் "நீர் சும்மா இரும்" எண்டு அதட்டினன். அவ சும்மா இருந்தா. அண்டையில இருந்து சும்மாதான் இருக்கிறா. அப்பாவும் அம்மாவும் ஏன் கதைக்கிறேல்லை எண்டு நீ போன கிழமை கேட்டதுக்கு இதுதான் மறுமொழி.

நேற்று வேலை முடிய நேரா புரூனோட்டைப் போனனான். பஸ்ஸில போகேக்கை டொச்சு மொழியில எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிப் பாத்தனான். அங்கை போய் அந்த மனிசனுக்கு முன்னால நிக்க எல்லாம் பறந்து போச்சுது. "நான்தான் செய்தது" எண்டது மட்டும்தான் வந்தது. எதை எண்டு அவருக்கு விளங்கேல்லை. கையால காட்டினன், சட்டி, தக்காளி, தூள் பறக்கிறது. ஒரு கிழட்டு மனிசன் மாட்டுக் கொட்டிலுக்கை நிண்டு கையை விசுக்கிக் காட்டுறதை நினைச்சுப் பார். அவர் சிரிப்பார் எண்டு பாத்தன், சிரிக்கேல்லை. மாட்டுக்குப் புல்லுப் போட்டார். பிறகு, "அப்ப அவள் நேரத்துக்குக் கண்டிருக்கிறாள்" எண்டார். "ஓம்" எண்டன். "அவளுக்கு அது தெரியுமோ?" எண்டார். "இல்லை" எண்டன். "என்னட்டை ஏன் வந்தனீங்கள்?" எண்டு கேட்டார். நான் திரும்பப் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டன். கூடாரம் தை மாதம் வரைக்கும் சும்மாதான் கிடக்கும் எண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ எண்டு மட்டும் சொன்னார்.

அதுதான் எழுதுறன். வாயால சொல்லத் துணிவில்லை, அந்த வெக்கமும் இதோட சேரட்டும். இதை மலருக்குக் குடுக்கலாம் எண்டு நினைக்கிறன், கறிவேப்பிலைக்குப் பதிலாய். பந்தியில எல்லாருக்கும் கேக்கச் சொன்ன பொய், அதைத் திருத்திறதும் எல்லாருக்கும் கேக்க இருக்கவேணும். ஆனால் உன்ர பெயரை வைச்சு நான் இனி ஒண்டும் உன்னைக் கேக்காமல் செய்யமாட்டன். வேண்டாம் எண்டால் கிழிச்சுப்போடு. ஓம் எண்டால், "லாபில வேலை" எண்டதையும் சேர்த்து வாசிச்சுச் சிரிக்கட்டும், இந்த முறை சரியான ஆளைப் பாத்துச் சிரிக்கட்டும்.

திங்கக்கிழமை என்ன செய்யிறது எண்டு நான் சொல்லமாட்டன். கந்தோர்தான் உனக்கு விருப்பம் எண்டால் போ, பெட்டியை நானே ரயிலில ஏத்திவிடுறன். ஆனால் உனக்குச் செடி பாக்கத் தெரியாது எண்டு நினைச்சுப் போகாதை. மன்னிப்பும் நான் கேக்கேல்லை. கேட்டால் நீ குடுத்திடுவாய், உன்ர குணம் அப்பிடி, பிறகு நான் நிம்மதியாய்ப் படுத்திடுவன். அது வேண்டாம்.

கண்ணாடியை இதோட வைக்கிறன். நூல் நாறிப்போச்சு, அம்மான்ர தையல் பெட்டியில இருந்து புதுசு கோத்திருக்கிறன். அண்டைக்குக் காலமை நீ சைக்கிளில போனபிறகு, சட்டியைக் கையில வைச்சுக்கொண்டு நானும் வடிவாய்க் குனிஞ்சு பாத்தனான், பிள்ளை. நீ சொல்லித் தந்த மாதிரி, ஒவ்வொரு மூலையாய். மொட்டு ஒண்டும் வெடிக்கேல்லை. எல்லாம் மூடித்தான் இருந்தது.

அப்பா